22-ஆம் மாடியில் நான்கு கிலோ அழுத்தம்: ஒன் மெரிடியன் பிளாசா தீவிபத்து, 1991

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், நகரமன்றக் கட்டடத்துக்கு எதிரே நின்ற ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடி அலுவலகக் கட்டடத்தின் 22-ஆம் மாடியில் தீப்பிடித்தது. மரப்பலகைச் சுவர்களுக்கு மெருகு போடும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளை வேலையாட்கள் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளியிடும். துணிகள் குவியலாகக் கிடந்தால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தானாகவே பற்றிக்கொள்ளும். அன்று நடந்தது அதுதான்.

அந்தத் தீ மறுநாள் பிற்பகல் 3 மணி வரை எரிந்தது. 300-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். 51 எஞ்சின் குழுக்கள், 15 ஏணிக் குழுக்கள் என்று அந்நகரத் தீயணைப்புத் துறையின் பெரும்பகுதி அந்த ஒரு முகவரியில் நின்றது. 8 மாடிகள் முழுதாக எரிந்தன. மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். கடைசியில் தீயை நிறுத்தியவை 30-ஆம் மாடியின் கூரையில் இருந்த பத்து ஸ்பிரிங்க்ளர் தலைகள், அதாவது வெப்பம் பட்டால் தானாகத் திறந்து நீரைத் தெளிக்கும் முனைகள்.

முன்னூறு பேரால் முடியாததைப் பத்து தலைகள் எப்படிச் செய்தன என்பது அபூர்வக் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் அபூர்வம் எதுவும் தெரியவில்லை, அழுத்தக் கணக்குதான் தெரிகிறது. அந்தக் கணக்கை ஒருமுறை பொறுமையாகப் போட்டுப் பார்த்தால், தீயணைப்புக் குழாயானாலும் வயலில் போடும் தெளிப்பானானாலும் “எத்தனை கிலோ பிரஷர் வேண்டும்” என்ற கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் அளவை. அமெரிக்கர்கள் பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) கணக்கில் சொல்வதை நம் பம்புசெட்டுக்காரர்களும் பிளம்பர்களும் “கிலோ” கணக்கில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. ஒரு கிலோ என்பது சுமார் 14.2 பிஎஸ்ஐ. பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றினால் ஒரு கிலோ போய்விடும். மாடி ஒன்றுக்கு நான்கு மீட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு மாடிக்கும் 0.4 கிலோ. இனி எல்லாவற்றையும் கிலோவிலேயே சொல்கிறேன்.

அன்றிரவு நடந்தது

இரவு 8.23 மணிவாக்கில் 22-ஆம் மாடியின் புகை உணர்வி அடித்தது. கட்டடப் பொறியாளர் பார்த்து வர லிஃப்டில் மேலே போனார். கதவு திறந்ததும் அடர்ந்த புகையும் வெப்பமும் உள்ளே பாய்ந்தன. அவர் தரையில் படுத்துக்கொண்டு வாக்கிடாக்கியில் கத்த, கீழே வரவேற்பு மேசையில் இருந்த காவலர் அந்த லிஃப்டைக் கீழிருந்தே இயக்கி இறக்கினார். அதனால் அவர் பிழைத்தார். 1988 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டடம் எரிந்தபோது இதேபோல் லிஃப்டில் ஏறிப்போன பராமரிப்புப் பணியாளர் பிழைக்கவில்லை. தீயணைப்புத் துறைக்கு முதல் தகவல் கட்டடத்துக்குள்ளிருந்து போகவில்லை. தெருவில் போன ஒருவர் பொதுத் தொலைபேசியில் 8.27-க்குச் சொன்னதுதான் முதல் தகவல்.

தாமதம் நான்கு நிமிடம்தான். ஆனாலும் வீரர்கள் வந்து சேர்ந்தபோதே 22-ஆம் மாடியில் பெருந்தீ. கொஞ்ச நேரத்தில் கட்டடத்தின் மின்சாரம் முழுவதும் போனது. முதன்மை இணைப்பும் மாற்று இணைப்பும் ஒரே தண்டுவழியில் பக்கத்தில் பக்கத்தில் ஏறிச் சென்றதால் இரண்டும் சேர்ந்தே எரிந்துபோயின. அவசர ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. விளக்கு இல்லை, லிஃப்ட் இல்லை. ஆளொன்றுக்குப் பல பத்து கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு இருட்டுப் படிக்கட்டில் ஏற வேண்டியதாயிற்று.

இந்த அளவு இடர் பெரிய தீயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். மேலே போனால் ரைசர் குழாயில் (மாடிதோறும் செங்குத்தாக ஏறும் தீயணைப்புக் குழாய்) தண்ணீர் இருக்கும், ஹோஸைப் பூட்டி வால்வைத் திறந்தால் வேலையைத் தொடங்கலாம் என்ற நம்பிக்கையில்தான் உயர்கட்டடத் தீயணைப்பே நிற்கிறது. தெருவில் நிற்கும் வண்டி பம்பு போட்டு ரைசருக்குள் தண்ணீரைத் தள்ளும். மாடியில் ஹோஸைப் பூட்டும் வாயான லேண்டிங் வால்விலிருந்து அது ஹோஸுக்குள் வரும்.

வால்வைத் திறந்தார்கள். தண்ணீரும் வந்தது. ஆனால் ஹோஸின் முனையிலுள்ள நாசிலில் வேகமே இல்லை. எரிகிற இடத்தை எட்டுமளவுக்குக்கூட அந்த நீர் பாயவில்லை. தெருவில் இருந்த வண்டிகள் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தும் மேலே பெரிய மாற்றம் இல்லை.

இடையில் நின்ற வால்வு

உயரமான ரைசரில் ஒரு சங்கடம் உண்டு. உச்சி மாடியில் போதுமான அழுத்தம் கிடைக்க வேண்டுமென்றால் கீழ் மாடிகளில் அளவுக்கு மீறி இருந்தே தீரும். இருபது மாடி வித்தியாசத்துக்கு எட்டு கிலோ. கீழ் மாடியில் அந்த அழுத்தத்தை அப்படியே ஹோஸுக்குள் விட்டால் நாசில் பின்னோக்கி உதைத்து, பிடித்திருப்பவரைத் தூக்கி எறியும், ஹோஸும் வெடிக்கலாம். அதனால் உயர்கட்டடங்களின் ரைசரை மேல் பகுதி, கீழ்ப் பகுதி என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் அழுத்தம் மிகும் மாடிகளின் வால்வில் அழுத்தத்தைக் குறைக்கும் பொறியமைப்பை வைப்பார்கள். மெரிடியனிலும் அப்படித்தான். ஆக, அழுத்தக் குறைப்பு வால்வு தேவையில்லாத சாமான் அல்ல, ஆட்களைக் காப்பாற்ற வைத்த ஒன்று.

ஆனால் அங்கே அந்த வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்தன. தீ எரிந்த மாடிகளில் அவை வெளியே விட்ட அழுத்தம் 4.2 கிலோவுக்கும் குறைவு. அழுத்தக் குறைப்பு வால்வின் வேலையே, உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே குறித்த அளவுக்கு மேல் விடாமல் பிடித்து வைப்பது. தெருவில் வண்டி எவ்வளவு உறுமினாலும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அங்கே எவ்வளவு அழுத்தம் கிடைத்திருக்கலாம் என்று ஒரு கணக்குப் போடலாம். அமெரிக்கத் தீயணைப்பு வண்டியின் பம்பு, தன் முழுத் திறனில் பாதி நீரை 17.6 கிலோ அழுத்தத்தில் தள்ள வேண்டும் என்பது அங்குள்ள தரம். 22-ஆம் மாடி தரையிலிருந்து ஏறக்குறைய 84 மீட்டர், அதற்கு 8.4 கிலோ போனால் மீதி 9.2. குழாய் உராய்வுக்கு ஒன்றிரண்டு கிலோ கழித்தாலும் வால்வின் வாசல்வரை 7 கிலோவுக்கு மேல் வந்து நிற்க வழி இருந்தது. அந்த வாசலைத் தாண்டி வந்தது நான்கு சொச்சம்.

சரி, திருகி ஏற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அந்த வகை வால்வுகளை மாற்றியமைக்கத் தனிக் கருவி வேண்டும், செய்முறையும் தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு வீரரிடம் அந்தக் கருவி இருப்பதில்லை. விஷயம் தெரிந்த தொழில்நுட்பர் ஒருவர் கருவியோடு வந்து சில வால்வுகளைச் சரிசெய்தபோது பல மணி நேரம் கடந்திருந்தது.

அதற்குள் வீரர்கள் வேறு வழி தேடியிருந்தார்கள். ரைசரையே நம்பாமல், 5 அங்குல விட்டமுள்ள பெரிய ஹோஸைத் தெருவிலிருந்து படிக்கட்டு வழியாகக் கையாலேயே மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றல்ல, மூன்று வரிசை. ஒரு வரிசையை மேலே சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நீர் நிறைந்தபின் அந்த ஹோஸ் என்ன எடை இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த மனிதர்களின் உழைப்பு புரியும்: மீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல். ஆனால் தீ காத்திருக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே நாக்கை நீட்டி மேல் மாடியின் ஜன்னலை உடைத்து உள்ளே நுழைந்து, ஒவ்வொரு மாடியாக ஏறிக்கொண்டிருந்தது.

கேப்டன் டேவிட் ஹோல்கோம், பிலிஸ் மெக்காலிஸ்டர், ஜேம்ஸ் சாப்பல். 11-ஆம் எஞ்சின் குழுவைச் சேர்ந்த இந்த மூவரும் நடுப் படிக்கட்டின் புகையை மேலே திறந்துவிட அனுப்பப்பட்டவர்கள். 30-ஆம் மாடியில் வழி தெரியாமல் இருப்பதாக வாக்கிடாக்கியில் சொன்னார்கள். மூச்சுக்காற்று தீர்ந்த நிலையில் 28-ஆம் மாடியில் அவர்கள் கண்டெடுக்கப்பட்டார்கள். அவர்களைத் தேடிப் போன எண்மர் குழுவும் 38-ஆம் மாடியின் இயந்திரத் தளத்தில் வழி தவறியது. ஹெலிகாப்டரில் கூரைக்கு வந்தவர்கள் இறங்கி அவர்களை மீட்டார்கள். அந்த மூன்று மரணங்களையும் வால்வின் கணக்கில் நேராக எழுதிவிட முடியாது. ஆனால் முதல் அரை மணி நேரத்தில் 22-ஆம் மாடியிலேயே தண்ணீர் சரியாகப் பாய்ந்திருந்தால் 30-ஆம் மாடிப் படிக்கட்டில் யாருக்கும் வேலை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இரண்டு விதிகள், இரண்டு காலங்கள்

வால்வைத் தவறாக அமைத்தவரைக் குற்றம் சொல்லிவிட்டு ஆய்வை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. வால்வுகள் விதிப்படியே அமைக்கப்பட்டிருந்தாலும் அன்றிரவு தண்ணீர் போதியிருக்காது.

ரைசர் அமைப்புகளுக்கான அமெரிக்கத் தரநூல் என்.எஃப்.பி.ஏ. 14. அன்றைய பதிப்பில் உச்சி மாடி வாயில் நிமிடத்துக்கு சுமார் 1,900 லிட்டர் ஓடும்போது 4.6 கிலோ இருந்தால் போதும். பிஎஸ்ஐ-யில் அது 65. வாயில் அழுத்தம் 7 கிலோவைத் தாண்டினால் குறைக்கும் பொறியைப் பொருத்த வேண்டும். பிஎஸ்ஐ-யில் அது 100.

4.6 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருந்தது தெரியும். பழைய காலத்து வீரர்கள் மாடியில் பயன்படுத்தியது இரண்டரை அங்குல ஹோஸும் நேர்த் துளை நாசிலும். நேர்த் துளை நாசிலுக்கு முனையில் 3.5 கிலோ போதும். நிமிடத்துக்கு 945 லிட்டர் போகும்போது இரண்டரை அங்குல ஹோஸில் 30 மீட்டருக்கு உராய்வு இழப்பு சுமார் 0.9 கிலோ. இரண்டையும் கூட்டினால் 4.4. விதி கேட்டது 4.6. யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னாளில் தீயணைப்புத் துறைகள் கருவியை மாற்றிக்கொண்டன. இரண்டரை அங்குல ஹோஸை நீரோடு இழுத்துக்கொண்டு அறைக்குள் திரும்ப மூன்று நான்கு பேர் வேண்டும். ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸை இருவரே கையாளலாம். அதோடு நீரைப் பனிபோல் விரித்தும் குவித்தும் தரும் தானியங்கி நாசில் வந்தது. வேகம், எளிமை இரண்டும் கிடைத்தன. ஆனால் அந்த நாசில் ஒழுங்காக வேலை செய்ய முனையிலேயே 7 கிலோ வேண்டும். மெலிந்த ஹோஸில் உராய்வும் பல மடங்கு: நிமிடத்துக்கு 570 லிட்டர் போனால் 30 மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ.

இப்போது கூட்டிப் பாருங்கள். 45 மீட்டர் ஹோஸுக்கு 3.7 கிலோ. நாசிலுக்கு 7. கீழ் மாடி வாயில் பூட்டி மேல் மாடிக்கு இழுப்பதுதான் வழக்கம் என்பதால் உயரத்துக்கு 0.4. மொத்தம் 11 கிலோவுக்கு மேல். விதியோ 7-க்கு மேல் போகாதே என்கிறது, 4.6 வந்தால் போதும் என்கிறது. நாசில் தன் முனையில் கேட்கும் அழுத்தம், வாயில் அனுமதித்த உச்சவரம்புக்குச் சமம். இடையில் இருக்கும் ஹோஸுக்கு எதுவும் மிச்சமில்லை.

4.2 கிலோவை வைத்துக்கொண்டு அந்த ஹோஸில் என்ன நடக்கும்? 570 லிட்டரையே அனுப்ப வேண்டுமென்றால் முனையில் மிஞ்சுவது அரை கிலோ. நடைமுறையில் ஓட்டம் குறைந்து வேறொரு சமநிலைக்கு வரும். மாறாத துளை கொண்ட நாசிலாக இருந்தால் நிமிடத்துக்கு 350 லிட்டர், முனையில் 2.7 கிலோ என்ற அளவில் நிற்கும். தானியங்கி நாசில் இன்னும் மோசம். அழுத்தம் குறைந்தால் அதன் ஸ்பிரிங் துளையைச் சுருக்கி அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கும், அதனால் தண்ணீரின் அளவு மேலும் விழும். நீர் பாய்கிறதுபோல் தெரியும், தீயை அணைக்க வேண்டிய லிட்டர் அதில் இருக்காது.

ரைசர் போட்டவர் ஒரு தரநூலைப் பின்பற்றினார். நாசில் வாங்கியவர் வேறொரு தேவையைப் பார்த்தார். இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை. இந்தத் தீவிபத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. அழுத்தத் தேவை என்பது குழாயின் குணம் அல்ல, குழாயின் முனையில் மாட்டப்படும் கருவியின் குணம். கருவி மாறினால் குழாய்க்கு எழுதிய எண் செல்லாது.

30-ஆம் மாடியின் பத்து தலைகள்

1984-இல் ஃபிலடெல்ஃபியா நகரம் புதிய உயர்கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியது. மெரிடியன் அதற்கு முன்பே எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டதால் விதி அதைத் தொடவில்லை. உரிமையாளர் படிப்படியாகப் போட்டுவந்தார். தீப்பிடித்த நாளில் 30, 31, 34, 35-ஆம் மாடிகள் முழுமையாகவும் வேறு சில இடங்கள் பகுதியாகவும் முடிந்திருந்தன. 22 முதல் 29 வரை எதுவும் இல்லை.

காலை 7 மணிக்கு எல்லா வீரர்களையும் வெளியே அழைத்துவிட்டார்கள். பதினோரு மணி நேரம் உள்ளே போராடியாகிவிட்டது, எஃகு உத்தரங்கள் மூன்றடி வரை தொய்ந்திருந்தன, கட்டடம் இடியலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அதன்பின் கட்டடத்துக்குள் நாசில் பிடிக்க யாருமில்லை. தெருவிலிருந்த வண்டிகள் ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தன. தீ 30-ஆம் மாடிக்குள் நுழைய முயன்ற இடங்களில் பத்து தலைகள் திறந்தன. அத்தோடு அது ஏறுவது நின்றது.

ஸ்பிரிங்க்ளர் தலையின் கணக்கு எளிமையானது. வெளிவரும் நீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தலையின் துளைக்கு ஏற்ற ஒரு மாறிலியால் அதைப் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். சாதாரண அரை அங்குலத் தலைக்கு அரை கிலோ அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு 56 லிட்டர். அமெரிக்கத் தரத்தில் ஒரு தலைக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த அழுத்தமே அந்த அரை கிலோதான். அலுவலகம் போன்ற குறைந்த ஆபத்துள்ள இடத்தில் ஒரு தலை அதிகபட்சம் 21 சதுர மீட்டரைக் காக்கலாம். அந்தப் பரப்பு முழுவதற்கும் நிமிடத்துக்கு 4.1 மில்லிமீட்டர் மழை பெய்ய வேண்டும் என்பது வடிவமைப்பு அடர்த்தி. பெருக்கினால் 85 லிட்டர், அதற்குத் தேவை 1.1 கிலோ.

பத்து தலை என்றால் 850 லிட்டர். முன்பு சொன்ன ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸ் ஒன்றரைக்குச் சமமான தண்ணீர், அவ்வளவுதான். அழுத்தமோ நாசில் கேட்பதில் ஆறில் ஒரு பங்கு. நாசில் நீரைத் தூரம் எறிய வேண்டும், அதற்குத்தான் 7 கிலோ. ஸ்பிரிங்க்ளர் தலை ஏற்கனவே தீக்கு நேர் மேலே இருக்கிறது, எறிய வேண்டிய தூரம் இல்லை. தீ சிறிதாக, உள்ளே நுழையும் வாசலிலேயே இருக்கும்போது திறந்தும்விடுகிறது. குழாயை மேலே கொண்டுபோக 115 மீட்டருக்குப் பதினொன்றரை கிலோ செலவானாலும், 17 கிலோ தரும் வண்டி தெருவில் நிற்கும்போது முனையில் ஒரு கிலோ மிச்சம் பிடிப்பது கடினமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். குறைந்த அழுத்தம் போதும் என்பதை, எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையின் அடியிலுள்ள தட்டில் நீர் மோதித்தான் குடைபோல் விரிகிறது. அழுத்தம் போதாவிட்டால் குடை விரியாமல் நீர் நேரே கீழே கொட்டும், பக்கத்துத் தலையோடு சேர வேண்டிய வட்டம் சேராது. அதோடு, கணக்கு ஒரு தலைக்கு அல்ல. குறைந்த ஆபத்துள்ள இடத்திலும் மிகத் தொலைவான மூலையில் 139 சதுர மீட்டரிலுள்ள தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்ததாக வைத்து, அவற்றில் மிகப் பின்தங்கிய தலைக்கும் வேண்டிய அழுத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பம்பு அறையிலுள்ள கேஜ் காட்டும் எண்ணுக்கு இந்தக் கணக்கில் தொடக்கப் புள்ளி என்பதைத் தவிர வேறு மதிப்பில்லை.

வயலிலும் அதே வர்க்கமூலம்

தெளிப்பு நீர்ப்பாசனம் போட்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நிலக்கடலைக் காட்டில் சுற்றிச் சுற்றி அடிக்கும் தெளிப்பான் பொதுவாக 2 முதல் 3 கிலோவில் நன்றாக வேலை செய்யும். அழுத்தம் குறைந்தால் நீர் உடையாமல் பெரிய துளிகளாகப் போய் வட்டத்தின் விளிம்பில் வளையமாக விழும், நடுவில் செடி வாடும். கூடினால் பனியாகி காற்றோடு போய்விடும். மோட்டார் பக்கத்திலுள்ள தெளிப்பானைப் பார்த்துத் திருப்திப்படும் விவசாயிக்குக் கடைசித் தெளிப்பான் நிலத்தில் எவ்வளவு போடுகிறது என்பது அறுவடையில்தான் தெரியும்.

கலிஃபோர்னியாவில் கிறிஸ்டியன்சன் என்ற பொறியாளர் 1942-இல் வெளியிட்ட தெளிப்புப் பாசன ஆய்வு இந்தத் துறைக்கே அடிப்படை. நீர் எவ்வளவு சீராக விழுகிறது என்பதை அளக்க இன்றும் அவர் பெயரிலுள்ள குணகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரே கிளைக்குழாயில் முதல் தெளிப்பானுக்கும் கடைசித் தெளிப்பானுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் நிலைத்த விதி. ஏன் 20? வர்க்கமூலம்தான் காரணம். அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் நீர் 10 சதவீதம்தான் குறையும், பயிர் அதைத் தாங்கும். கிளையை நீட்டிக்கொண்டே போய் இன்னும் நான்கு தெளிப்பான் சேர்த்தால் இந்த வரம்பு போய்விடும். பழைய தெளிப்பானைக் கழற்றிவிட்டு அதே குழாயில் ரெயின் கன் (நீரைத் தூரம் எறியும் பெரிய தெளிப்பான்) மாட்டினாலும் அப்படியே. மோட்டாரும் குழாயும் சரியாகத்தான் இருக்கும், முனையில் மாட்டிய கருவிதான் மாறியிருக்கும்.

பயிருக்கும் தீக்கும் உள்ள பெரிய வேறுபாடு, பயிர் நமக்கு அவகாசம் தருகிறது என்பதுதான். கடைசி வரிசை வாடினால் அடுத்த முறை குழாயை மாற்றிப் போடலாம். அதனால்தான் தீயணைப்பு அமைப்பை முன்கூட்டியே ஓடவிட்டுப் பார்ப்பது அவ்வளவு அவசியமாகிறது.

பிறகு மாறியவை

24 தீயணைப்பு வீரர்கள் அன்று காயமடைந்தார்கள். எரிந்த கட்டடம் பல ஆண்டுகள் நகரின் நடுவே வெற்றாக நின்று, 1999-இல் முற்றிலும் பிரித்தெடுக்கப்பட்டது. பழைய உயர்கட்டடங்களிலும் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும் என்று ஃபிலடெல்ஃபியா சட்டம் கொண்டுவந்தது.

அழுத்தக் கணக்கிலும் மாற்றம் வந்தது. என்.எஃப்.பி.ஏ. 14-இன் 1993-ஆம் ஆண்டுப் பதிப்பில் உச்சி மாடி வாயின் குறைந்தபட்ச அழுத்தம் 4.6-இலிருந்து 7 கிலோ ஆனது. இரண்டரை அங்குல வாயின் உச்சவரம்பு 12.3 கிலோ ஆனது. முன்பு கூரையாக இருந்த எண் இப்போது தரை. மெலிந்த ஹோஸும் தானியங்கி நாசிலும் கேட்கும் 11 கிலோவை 7 கிலோ எட்டாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே உயர்கட்டடங்களுக்குப் போகும் வீரர்கள் இரண்டரை அங்குல ஹோஸையும் நேர்த் துளை நாசிலையும் எடுத்துப் போக வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் வாதாடுகிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குழாயின் எண்ணை உயர்த்துவது ஒரு வழி. கருவியின் தேவையைக் குறைப்பது இன்னொரு வழி. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை உயர்கட்டடங்களில் இந்த இரண்டாவது வழியைத்தான் வெகுகாலமாகப் பின்பற்றுகிறது.

என் பார்வையில் இவற்றைவிட முக்கியமான மாற்றம் சோதனையில் வந்தது. ரைசரைச் சோதிப்பவர்கள் வழக்கமாக உச்சி மாடி வாயைத் திறந்து ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே அழுத்தம் வந்தால் எல்லா மாடிக்கும் வரும் என்பது எண்ணம். அழுத்தக் குறைப்பு வால்வு உள்ள கட்டடத்தில் இந்த எண்ணம் செல்லாது, ஏனென்றால் உச்சியில் அந்த வால்வே இருக்காது. கீழே 22-ஆம் மாடியில் தவறாக அமைந்த வால்வை உச்சி மாடிச் சோதனை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. நீர் சார்ந்த தீயணைப்பு அமைப்புகளின் பராமரிப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 25, ஹோஸ் வாயிலுள்ள ஒவ்வொரு அழுத்தக் குறைப்பு வால்வையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழு ஓட்டத்தில் திறந்து, உள்ளே வரும் அழுத்தத்தையும் வெளியே போகும் அழுத்தத்தையும் அளந்து, நிறுவியபோது எடுத்த அளவோடு ஒப்பிடச் சொல்கிறது.

நிமிடத்துக்கு 945 லிட்டரை இருபதாம் மாடியில் திறந்துவிட்டால் அது எங்கே போகும்? படிக்கட்டிலும் லிஃப்ட் குழியிலும்தான் போகும் என்பதால் யாரும் திறக்க மாட்டார்கள், சோதனை தாளில் மட்டும் நடக்கும். அதற்காகவே அழுத்தக் குறைப்பு வால்வுள்ள ரைசர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 3 அங்குல வடிகால் குழாய் ஒன்று மேலிருந்து கீழ்வரை நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. 14 கேட்கிறது. உயரமான கட்டடத்தில் வீடு வாங்குபவரோ அலுவலகம் எடுப்பவரோ படிக்கட்டில் சிவப்பு ரைசரைப் பார்த்தால், பக்கத்தில் அந்த இரண்டாவது குழாய் இருக்கிறதா என்று பார்க்கலாம். நடு மாடி வாயில் கடைசியாக எடுத்த ஓட்டச் சோதனையின் அளவைக் காட்டுங்கள் என்று கட்டடத்தை நிர்வகிக்கும் சங்கத்திடம் கேட்கலாம். அந்தத் தாளில் மூன்று எண்கள் இருக்க வேண்டும்: உள்ளே எத்தனை கிலோ, வெளியே எத்தனை கிலோ, அப்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடியது. மூன்றாவது எண் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் மூடிய வால்வில் எடுத்தவையாக இருக்கலாம். சோதனையை மறுபடி செய்யச் சொல்ல அந்தக் காரணம் போதும்.